கேட்காமல் போட்ட ஜெர்சி

வலது கை ஏறிவிட்டது. இடது கைதான் ஜெர்சிக்குள் வர மாட்டேன் என்று நின்றது.

"தோளைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, ஓல்கா," என்றார் பிலிப்.

ஊரில் யார் போனாலும் கடைசியாக உடுத்திவிடுகிறவர் பிலிப்தான். பெட்டி, பூ, கார் எல்லாம் அவர் கடையிலேயே. எடுத்துக்கொண்டு போன சரக்கைத் திரும்பக் கொண்டுவந்து குறை சொன்னவர் இதுவரை ஒருவரும் இல்லை என்பதால் தொழில் நன்றாகவே நடந்தது.

ஓல்கா தம்பியின் தோளுக்கடியில் கை கொடுத்தாள். அறுபதைத் தாண்டியும் அகலம் குறையாத தோள். குழந்தையாக இருக்கும்போதே தாராஸ் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குச் சட்டை மாட்டிவிட்டால் கையை விறைத்துக்கொள்வான். "கையை விடுடா" என்பது அவள் வாய்வரை வந்து நின்றது.

"பின்பக்கம் மேலிருந்து கீழ ஒரு வெட்டு வெட்டிட்டா சுலபமா ஏறிடும்," பிலிப் குரலைத் தாழ்த்தினார். "எல்லாருக்கும் அப்படித்தான் செய்யறது. முன்னால பாக்கறவங்களுக்குத் தெரியாது."

"பின்னாலதான் பேர் தைச்சிருக்கு."

கத்தரிக்கோல் காற்றில் நின்றது.

"வெட்டாதே," என்றார் சுவரோரம் உட்கார்ந்திருந்த அப்பா. "அவ்வளவு தூரத்துலேருந்து மரியாதையா அனுப்பியிருக்காங்க. மெதுவா போடு. போடத்தான் போறோம்."

கைத்தடியால் தரையில் ஒரு தட்டு.

பேச்சு முடிந்தது என்று அர்த்தம். மெத்ரோ ஹவ்ரிலுக் ஊர் மாட்டுச் சந்தையில் வாழ்நாளெல்லாம் ஏலம் விட்டவர். கடைசி விலை விழுந்ததும் மேடைப் பலகையில் கோலால் ஒரு தட்டுத் தட்டுவார். அதற்குப் பிறகு மாடு நொண்டுகிறது என்றோ மனைவி திட்டுவாள் என்றோ யாரும் வாயைத் திறக்க முடியாது. சந்தை முடிந்த மாலைகளில் அந்தத் தட்டும் அவரோடு வீட்டுக்கு வந்துவிடும். என்ன சமைப்பது, எந்த டிராக்டர் வாங்குவது, யார் யாரைக் கட்டுவது, எல்லாம் ஒரு தட்டில் முடிந்தன.

ஜெர்சி நேற்றுக் காலைதான் கூரியரில் வந்தது. புதிது. மடிப்புக் கலையாதது. இளம் வயதில் தாராஸை எடுத்த கிழக்குக் கடற்கரை ஐஸ் ஹாக்கி அணியின் சின்னம் மார்பில், முதுகில் ஹவ்ரிலுக் என்ற குடும்பப் பேர். கூடவே ஓர் அட்டை: 'எங்கள் குடும்பத்தில் ஒருவர்.' அந்தக் குடும்பத்துக்குத் தாராஸின் விலாசம் செய்தித்தாளில் சாவுச் செய்தி பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கிறது.

"பிலிப், அஞ்சு நிமிஷம் வெளியில இருக்கீங்களா?" என்றாள் ஓல்கா.

பிலிப் அப்பாவைப் பார்த்தார், கைத்தடியைப் பார்த்தார், காப்பி குடிக்கப் போனார்.

ஒரு வாரம் முன்பு ஆஸ்பத்திரியில் தாராஸ் கேட்டது ஒன்றே ஒன்று. அதை அப்பாவிடம் சொல்லத்தான் ஓல்கா அப்போதிலிருந்து முயன்றுகொண்டிருந்தாள். நேற்று ஜெர்சி வந்தபோது சொல்லியிருக்கலாம். அப்பா அதை மடியில் விரித்து, பேர் இருந்த இடத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார். வாய் வரவில்லை. இன்று காலையும் வரவில்லை. இப்போது ஒரு கை உள்ளே போய்விட்டது. இன்னொரு கையும் போய், பெட்டியும் மூடிவிட்டால், பிறகு சொல்ல என்ன இருக்கிறது?

தாராஸ் இளைஞனாக இருந்தபோது, பெரிய அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுத்துக்கொள்கிற டிராஃப்டைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்டு அப்பாவே விழுந்து விழுந்து சிரித்தவர்தான்.

"ஏலம்னா ரெண்டு பேராவது கை தூக்கணும்டா. இங்க ஒருத்தன் தொட்டுட்டா மத்தவன் வாயை மூடிக்கணுமாம். அதுலயும் போன வருஷம் எல்லார்கிட்டயும் தோத்து உதை வாங்கினவன்தான் முதல்ல தொடணுமாம்! மாட்டைப் பட்டினி போட்டே கொல்றவனைக் கூப்பிட்டு, வாப்பா, இருக்கறதுல நல்லதா பாத்து ஓட்டிட்டுப் போன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு!"

"மாட்டையாவது வாங்கறவன் நேர்ல வந்து பல்லைப் பாப்பான்," என்றான் தாராஸ்.

அம்மாவும் சிரித்தாள், சிரித்து, இருமி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அப்போதே அவளுக்கு நுரையீரல் சரியில்லை. விமானமெல்லாம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் காரில் போகிற தூரத்தில் ஒரு நகரம் இருந்தது, அதற்கும் பெரிய லீக்கில் ஓர் அணி இருந்தது. அந்த அணியின் ஆள் ஒருநாள் வந்து அம்மா செய்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை மூன்று தட்டு தின்றுவிட்டு, "எங்க முறை வர்றதுக்குள்ள யாரும் தொடலேன்னா பையன் எங்க ஆளு" என்று சொல்லிவிட்டுப் போனான். மத்தியானம் கிளம்பி, ஆட்டம் பார்த்து, காலையில் பால் கறக்கத் திரும்பிவிடலாம் என்று அம்மா கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அவர்கள் முறைக்கு முந்தின முறையில் கிழக்குக் கடற்கரை அணி தாராஸைத் தொட்டது.

அம்மா அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். தாராஸ் நாட்டு வரைபடத்தை மேசையில் விரித்து விரலால் காட்டினான். விரல் கோதுமை வயல்களைத் தாண்டி, ஏரிகளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஏரிகளிலேயே அம்மா பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

வழி இல்லாமல் இல்லை. இரண்டு வருஷம் கையெழுத்துப் போடாமல் இருந்தால் அவர்கள் உரிமை போய்விடும்; பேர் மறுபடி டிராஃப்டுக்கு வரும். தாராஸ் அதையும் விசாரித்து வைத்திருந்தான்.

"தானியக் கிடங்குல வேலை இருக்குப்பா. சும்மா ஊர் அணிக்கு ஆடிக்கிட்டு இருக்கேன். அடுத்த தடவை நம்ம பக்கத்து நகரத்துக்காரங்க எடுக்கலாம்ல?"

"எடுக்கலேன்னா?"

"எடுக்கலேன்னா பாத்துக்கலாம். எனக்கு அங்க போக இஷ்டமில்லப்பா."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அப்பா அங்கேதான் ஏலக்காரர் ஆனார். விதி கோணலா நேரா என்பது ஏலக்கோல் விழும்வரை பேச வேண்டிய பேச்சு. விழுந்தபின் பின்வாங்குகிறவனை அவருடைய சந்தையில் யாரும் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள்.

"பேரைக் கூப்பிட்டாச்சு. ஹவ்ரிலுக் வீட்டுல எவனும் கோல் விழுந்தப்புறம் பின்வாங்கினது கிடையாது."

சமையலறைத் தரையில் ஒரு தட்டு. தாராஸ் கையெழுத்துப் போட்டான்.

போட்ட பிறகு, முப்பதைத் தாண்டும்வரை அவன் அவர்களுடையவன். அவர்களிடம் அவன் இடத்தில் ஆட ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். இவனைக் கீழ் லீக்கில், ஊர் ஊராகப் போய் ஆடுகிற ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். கார் தூரத்து நகர அணி அவனைக் கேட்டுப் பார்த்தது, மறுபடியும் கேட்டது. கொடுக்கவில்லை. தனக்கு விற்காவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்துக் கடையில் விற்றுவிடக் கூடாது என்று கிடங்கிலேயே மக்கவிடுகிற வியாபாரிகளை ஓல்காவுக்குத் தெரியும். பெரிய அணிக்கு அவன் ஆடிய ஆட்டங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அம்மா அதில் ஒன்றையும் பார்க்கவில்லை. ஒரு பிப்ரவரியில் அவளைப் புதைத்தார்கள். தாராஸ் வந்து, மண் போட்டு, மறுநாள் பஸ்ஸுக்குப் போய்விட்டான். அப்புறம் முழங்கால் போயிற்று. ஊர் திரும்பித் தானிய லாரி ஓட்டினான். அப்பாவும் அவனும் மழையைப் பற்றிப் பேசினார்கள், டயரைப் பற்றிப் பேசினார்கள். அந்தத் தட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை.

"அப்பா," என்றாள் ஓல்கா. "அவனுக்கு இந்தச் சட்டை வேண்டாமாம்."

"யார் சொன்னா?"

"அவன்தான். ஆஸ்பத்திரில."

"சட்டை வந்ததே நேத்துதான்."

"வரும்னு தெரிஞ்சிருக்கு. 'நான் செத்தா அவங்க ஜெர்சி அனுப்புவாங்க, பாரு. அப்பா அதை மாட்டச் சொல்வாரு. விடாதே'ன்னான்."

ஓல்கா தன் பையிலிருந்து மூன்று துணிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர். ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு கறுப்புச் சட்டை, இரண்டும் தோய்த்துத் தோய்த்து வெளுத்தவை.

"ஸ்வெட்டரைப் போட்டுக்கறானாம். இது ரெண்டையும் கூட வைக்கணுமாம். சனிக்கிழமை ஆட்டத்துச் சட்டை."

அப்பாவுக்குச் சனிக்கிழமை ஆட்டம் தெரியும். ஊர் ஐஸ் மைதானத்தில் கிழடுகள் ஆடுவது. எல்லாரும் மட்டையை நடுவில் குவிப்பார்கள். பழைய கோல்கீப்பர் நெஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக எறிவார். மட்டை விழுந்த பக்கம்தான் உன் அணி. வெள்ளையா கறுப்பா தெரியாது என்பதால் ஆளுக்கு இரண்டு சட்டை கொண்டுவர வேண்டும். தாராஸ் மட்டும் மட்டையைக் குவியலில் போட மாட்டான். ஷூ கயிற்றைக் கட்டுகிற மாதிரி ஓரத்தில் குனிந்திருப்பான். எல்லாம் பிரித்து முடிந்ததும் நிமிர்ந்து, இரண்டு பக்கமும் பார்த்து, பிடித்த பக்கம் போய் நிற்பான். "திருட்டுப் பயலே!" என்று நெஸ்டர் ஒவ்வொரு வாரமும் கத்துவார். ஒரு வாரமும் மாற்றச் சொன்னதில்லை.

"'அங்க யார் யார் எந்தப் பக்கம்னு தெரியாதில்ல? ரெண்டையும் வை. போய்ப் பாத்துட்டுப் போட்டுக்கறேன்'னு சொன்னான்." ஓல்கா இரண்டு சட்டைகளையும் சேர்த்து நீவினாள். "சிரிச்சுக்கிட்டேதான்பா சொன்னான்."

அப்பா மகனைப் பார்த்தார். ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக அவன் படுத்திருந்தான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னான்பா. அன்னிக்குச் சமையலறைல சொன்னான்."

கைத்தடி சற்றே உயர்ந்தது. ஓல்கா தட்டுக்காகக் காத்திருந்தாள். அப்பா அதைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தார். மகனின் வலது முழங்கையைப் பிடித்து, ஜெர்சியை மெதுவாக வெளியே இழுத்தார். ஏறுவதற்கு அவ்வளவு அடம்பிடித்தது, சுலபமாகக் கழன்று வந்தது.

ஸ்வெட்டரை இருவருமாகவே போட்டுவிட்டார்கள். பிலிப் தேவைப்படவில்லை.

"வெள்ளை மேலயா, கறுப்பு மேலயா?" என்றார் அப்பா. "ஏதாவது சொன்னானா?"

"சொல்லல."

"அப்ப ஒண்ணும் மேல வேண்டாம். பக்கத்துல பக்கத்துல வை."

சர்ச்சில் பாதிரியார் பாடினார். இறந்தவன் நினைவாகத் தேன் ஊற்றிய கோதுமையை ஆளுக்கொரு கரண்டி தந்தார்கள். கல்லறையில் மண் உறைந்து பாறையாய்க் கிடந்தது. அதன்பின் ஊரே ஐஸ் மைதானத்தை ஒட்டிய கூடத்தில் முட்டைக்கோஸ் சுருளும் சாண்ட்விச்சும் தின்றது. கடற்கரை ஜெர்சி மடித்தபடி அப்பாவின் பக்கத்து நாற்காலியில் இருந்தது. இரண்டொருவர் தொட்டுப் பார்த்து, நல்ல துணி என்றார்கள்.

"இன்னிக்குச் சனிக்கிழமை," என்று நெஸ்டர் எழுந்தார். "நாம ஆடலேன்னா அந்தத் திருட்டுப் பய எழுந்து வந்து திட்டுவான். வாங்கடா."

கோட்டைக் கழற்றிவிட்டு, டை கட்டிய கழுத்தோடேயே கிழவர்கள் ஐஸில் இறங்கினார்கள். மட்டைகள் நடுவில் விழுந்தன. தாராஸின் மட்டையை யாரோ லாரியிலிருந்து எடுத்து வந்து கூடத்துக் கதவோரம் வைத்திருந்தார்கள். அப்பா கைத்தடியை ஓல்காவிடம் கொடுத்துவிட்டு அந்த மட்டையை எடுத்துக்கொண்டார். ஐஸைச் சுற்றியிருந்த மரத்தடுப்புவரை நடந்துபோய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

நெஸ்டர் வழுக்கிக்கொண்டே வந்தார். "குடுங்க மெத்ரோ. அவனோடதையும் குவியல்ல போட்டுடறேன். ஒரு தடவையாவது ஒழுங்கா ஆடட்டும்."

அப்பா மட்டையைத் தரவில்லை.

"நீங்க பிரிச்சு முடிங்க," என்றார்.

நெஸ்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். கண்ணை மூடினார். மட்டைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பறந்தன. வெள்ளைச் சட்டையை மேலே மாட்டியவர்கள் ஒருபுறம், கறுப்பை மாட்டியவர்கள் ஒருபுறம் போய் நின்றார்கள். ஒரு பக்கம் ஓர் ஆள் குறைந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆட்டம் தொடங்கியது.

ஓல்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்பா மட்டையை இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் நிமிர்த்திப் பிடித்திருந்தார். பார்வை ஒரு பக்கம் போய், மறுபக்கம் போய், திரும்பி வந்தது. பெரிய மட்டை, கனத்தது. இருந்தும் அதன் நுனி பலகைத் தரையில் ஒரு தட்டுக்கூடத் தட்டிவிடாமல், ஒரு விரற்கடை உயரத்தில் தூக்கியே வைத்திருந்தார்.