எட்டடுக்குத் தோல்

ஜின்ஃபா அன்று கடைசியாகச் செய்த வேலை, மனைவியின் பில்லியர்ட்ஸ் கோல் நுனிக்கு மை பூசியது. முந்தின நாள் ஒட்டிய புதுத் தோலின் ஓரத்தைச் சீவி, எச்சில் தொட்டுத் தேய்த்து, கறுப்பு மார்க்கரால் சுற்றிலும் தீட்டினான்.

"எட்டடுக்கு பன்றித்தோல்தானே?" மெய்லுவான் சமையலறையிலிருந்து கேட்டாள்.

"நீ கேட்டதேதான்."

"அப்புறம் எதுக்கு மை? அடுக்கை எண்ணிடுவேன்னு பயமா?"

"அழகுக்குப் பூசறேன். காயட்டும், தொட்டுடாத. நூடுல்ஸ் வாங்கிட்டு வந்துடறேன்."

சந்து முனைக் கடையில், வரிசையில் நின்றபடியே சரிந்தான். இதயம் என்றார்கள்.

கோல் நுனித் தோலைப் பற்றிய சண்டை கல்யாணத்துக்கு முன்பே தொடங்கியது. தைவானின் கீலுங் துறைமுகத்துக்கு எதிரே, மாடியில் இருக்கும் ஆட்டக் கூடத்தில்தான் இருவரும் சந்தித்தார்கள். அவனுக்கு ஒரே துண்டாக வெட்டிய எருமைத்தோல் வேண்டும். அடித்தால் டக்கென்று கேட்க வேண்டும். கோலின் இரு பாதிகளைத் திருகும் இடத்தில் மரத்தோடு மரம் முட்ட வேண்டும், நடுவில் எஃகு வளையம் வந்தால் கை மரத்துவிடும் என்பான். அவளுடையது எஃகு வளையக் கோல். நுனியில் மிருதுவான அடுக்குத் தோல். அது பந்தைக் கவ்வி, ஒரு கணம் பிடித்துவைத்து, பிறகுதான் விடும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவள் ஆடினாள்.

"சோத்து உருண்டையால அடிக்கிற மாதிரி இருக்கு" என்பான் அவன்.

முன்பு இரண்டு முறை, மிருது என்று சொல்லிக் கடினத்தை ஒட்டிக் கொடுத்திருக்கிறான். முதல் அடியிலேயே பிடிபட்டான். அவள் பேச்சை நிறுத்திவிட, மீன் உருண்டை சூப் வாங்கிக் கொடுத்துத்தான் சமாதானம் ஆயிற்று.

அவன் போன பிறகு, மழைக்காலம் முழுக்க அவள் கோல் பையிலேயே கிடந்தது. நுனியை நகத்தால் அழுத்தியிருந்தாலே எந்தத் தோல் என்று தெரிந்திருக்கும். அவள் அழுத்தவில்லை. கடைசியில் விட்டுக்கொடுத்தானா, மறுபடியும் ஏமாற்றினானா? இரண்டில் எது வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை.

மழை விட்ட ஒரு மதியம் கூடத்துக்குப் போனாள். அதை நடத்தும் ஆக்கென், ஜின்ஃபாவோடு சேர்ந்து ஆடி வளர்ந்தவன்.

"வாங்க அண்ணி. ஜன்னல் மேசைதான் காலி. இன்னும் பந்தை இடப்பக்கம் இழுத்துக்கிட்டுதான் இருக்கு."

கோலை வாங்கி மேசையில் உருட்டிப் பார்த்தான். கோணல் இல்லை. அவன் கட்டைவிரல் கோலின் நுனியை நோக்கிப் போனது.

"அழுத்தாத. நானே அடிச்சுப் பாத்துக்கறேன்."

"ஓரத்துல மை பூசியிருக்கே. அண்ணன் மை பூசினா நம்பவே கூடாது."

"வாய மூடிட்டு பந்தை எடுத்து வை."

நுனியில் நீலச் சாக்பீஸைத் தேய்த்தாள். குனிந்தாள். கோல் இரண்டு முறை முன்னும் பின்னும் போய் வந்தது. அடித்தாள்.

டக்.

ஆக்கென் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் கண் நிறைந்தது.

"கிழட்டுத் திருடன்" என்றாள்.

"குடுங்க, வெட்டிட்டு அடுக்குத் தோலே ஒட்டித் தரேன். நாளைக்கு வாங்கிக்கலாம்."

"தேயற வரைக்கும் இருக்கட்டும். கோவிச்சுக்கலாம்னா சூப் வாங்கித் தர ஆளில்லையே."

மறுபடி குனிந்து மெதுவாக அடித்தாள். வெள்ளைப் பந்து பச்சைத் துணியில் நேராக ஓடி, கடைசிச் சாணில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நின்றது.