நாலாம் சீசா

தம்ளரை வாய்க்குக் கொண்டுபோன தையல்காரரின் கையை அவன் சட்டென்று பிடித்துவிட்டான். பிடித்த பிறகுதான், என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தான். தண்ணீர் சிந்தி அவர் சட்டையை நனைத்தது.

"என்ன சார்?" என்றார் தையல்காரர், கோபமில்லாமல். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் என்ன செய்தாலும் இன்றைக்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"ஒண்ணுமில்ல. தம்ளர்ல தூசி."

"தூசி என்ன பண்ணிடும்?" மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

கூடத்தின் நடுவில் அவன் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் விடிகாலை ஐந்து மணிக்கு உயிர் போனது. வாந்தி, பேதி, மூன்றே நாள். தலைவலிக்குக்கூட மாத்திரை தேடாத மனுஷி. அவளுடைய அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகைக்கு நடுவிலும், "வெயில்ல வந்திருக்காங்க, தண்ணி குடுங்க" என்று யாரையாவது விரட்டிக்கொண்டிருந்தாள். இறந்தவளின் தம்பி, லாரி ஓட்டுகிறவன், தெருமுனைப் பம்பிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து சமையலறையில் இறக்கினான். அழத் தெரியாத ஆள் அவன். வேலை செய்யத் தெரியும்.

உள்ளே வந்த ஒவ்வொரு குடத்தையும் இவன் எண்ணிக்கொண்டிருந்தான்.

தெருவில் இவனுக்குப் பெயர் சீசாக்காரர். நகராட்சியின் சோதனைக் கூடத்துக்கு ஓடைத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிற வேலை. வாரம் ஒருமுறை, ஐந்து இடம், ஐந்து சீசா. மூன்றாவது இடம் பாலத்தடி. நாலாவது, மேட்டுக்கு அந்தப் பக்கம், தெருப் பம்புக்குத் தண்ணீர் வருகிற கிணற்றை ஒட்டி. ஓடைத் தண்ணீர் ஊறித்தான் அந்தக் கிணறு நிறையும் என்பதால் கிணற்றுக்கென்று தனிச் சோதனை கிடையாது. நாலாம் சீசா என்ன சொல்கிறதோ, அதுதான் தெருவுக்கே தீர்ப்பு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேட்டிலிருந்த மரங்களை மொட்டையடித்துவிட்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுப்பத் தொடங்கினார்கள். நாலாவது இடத்துக்குப் போகிற வழியைத் தகர வேலி அடைத்துக்கொண்டது. காவல்காரன் "சுத்திப் போங்க" என்று கையைக் காட்டினான். சுற்றினால் ஒரு மணி நேரம், மண்டையைப் பிளக்கிற வெயில். முதல் வாரம் சுற்றினான். இரண்டாம் வாரம் பாலத்தடியிலேயே இரண்டு சீசாவையும் நிரப்பி, ஒன்றில் மூன்று என்றும் மற்றதில் நாலு என்றும் சீட்டு ஒட்டினான். இங்கே ஓடுகிற தண்ணீர்தானே அரை மணியில் அங்கே போய்ச் சேரப்போகிறது என்று தனக்குத்தானே வக்கீலாக நின்று வாதாடி ஜெயித்தும்விட்டான். இருபது வருஷம் இதே வேலையைப் பார்த்தவனுக்குத்தான் இப்படியொரு நியாயம் தோன்றும். மூன்றும் நாலும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே மாதிரி வந்ததைச் சோதனைக் கூடத்தில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. 'குடிக்கலாம்' என்ற தாள் இவன் கையெழுத்தோடு மாதாமாதம் பம்புக் கொட்டகைக் கதவில் ஏறியது.

முந்தாநாள் டாக்டர் கேட்டார், "வீட்ல எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

"டெஸ்ட் பண்ண தண்ணி டாக்டர், நானே..." என்று ஆரம்பித்தவனுக்கு நாலாம் சீசா ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலமே தகரத்துக்கு அடியில் தவழ்ந்து உள்ளே போனான். பாலத்துக்கும் நாலாவது இடத்துக்கும் நடுவில், ஓர் ஆள் குந்தி உட்காரலாம் போல அகலமான குழாய். அதிலிருந்து சாம்பல் நிறத்தில், நுரையோடு கொட்டிக்கொண்டிருந்தது. புதிதாகக் குடியேறிய முந்நூறு வீட்டின் கழிவு. வாடை மூக்கைப் பிடுங்கியது. கரையெல்லாம் செம்மண் சேறு, அதில் ஒரு தவளைகூட இல்லை. திரும்பி ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். அவளுக்கு அதற்குள் நினைவு தப்பிவிட்டது.

இப்போது கூடம் நிறைய ஆட்கள், எல்லோர் கையிலும் தம்ளர். சொன்னால் இவன் செத்தான், சொல்லாவிட்டால் வந்தவர்கள். இந்தக் கணக்குகூட அவனுக்கு உடனே பிடிபடவில்லை. அப்படிப்பட்ட கோழை.

தையல்காரரின் மருமகள் கைக்குழந்தையோடு சமையலறைக்குள் போனாள். பால் பவுடர் போட்ட புட்டியைத் திறந்து, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டாள்.

"ஊத்தாதம்மா!"

வீடே திரும்பிப் பார்த்தது. குழந்தை வீறிட்டது.

"அந்தத் தண்ணி வேணாம். யாரும் குடிக்காதீங்க. அதாலதான் இவ போனா."

"மாமா, உக்காருங்க," என்று மச்சான் வந்து தோளைப் பிடித்தான். "மூணு நாளா தூங்கல நீங்க."

"என்ன சார் சொல்றீங்க?" என்றார் தையல்காரர். "நீங்க கையெழுத்துப் போட்ட தாள்தானே கதவுல இருக்கு?"

"அது பொய். நாலாம் எடத்துக்கு நான் போகவே இல்ல. வேலி போட்ட மறு வாரத்துலேர்ந்து போகல. பாலத்தடியில புடிச்ச தண்ணியில நாலுன்னு சீட்டு ஒட்டினேன். கட்டடத்துக் கக்கூஸ் குழாய் நடுவுல விழுது. நம்ம கிணத்துக்குத்தான் வருது."

தையல்காரர் வெறும் தம்ளரை உற்றுப் பார்த்தார். அதைத் தரையில் வைத்தார். அவருடைய பேரனுக்கு நேற்றிலிருந்து வயிறு சரியில்லை என்று காலையில் வந்தவுடன் இவனிடம்தான் சொல்லியிருந்தார்.

"மாப்பிள்ளை," என்றாள் மாமியார். அழுகை நின்றிருந்தது. "தெரிஞ்சா செஞ்சீங்க?"

"தெரியாது அத்தை. போய்ப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

மச்சானின் கை தோளிலிருந்து இறங்கியது. அடிக்கப்போகிறான் என்று இவன் நினைத்தான். அடித்தால் தேவலை என்று ஏங்கினான். மச்சான் அடிக்கவில்லை. சமையலறைக்குப் போய், தான் சுமந்துவந்த குடங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி முற்றத்துச் சாக்கடையில் கவிழ்க்க ஆரம்பித்தான்.

"அப்பா."

அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மகள். பதினாறு வயது.

"ஆஸ்பத்திரி போறதுக்கு முன்னாடி, அம்மாவுக்கு உப்பு சர்க்கரை போட்டுத் தண்ணி குடுத்தேனே."

"ஆமாம்மா."

"கொதிக்க வச்சுக் குடுக்கட்டுமான்னு கேட்டேன். நம்ம தண்ணிக்கு அதெல்லாம் வேணாம், சும்மா கலக்கிக் குடுன்னு சொன்னீங்க."

அவன் அவளை நோக்கி ஓர் அடி வைத்தான்.

"அம்மா போதும் போதும்னாங்க. நான்தான் விடல. நிறைய குடிச்சாத்தான் சரியாகும்னு வாயப் புடிச்சு ஊத்தினேன்."

"நீ ஒண்ணும் பண்ணலடா கண்ணு. எல்லாம் நான்தான். உன்மேல ஒரு தப்பும் இல்ல." சொல்லிக்கொண்டே அவளருகே மண்டியிட்டான். அவன் கை தன்மேல் படுமுன் அவள் எழுந்துவிட்டாள்.

நேராகச் சமையலறைக்குப் போனாள். மச்சான் இன்னும் கவிழ்க்காத கடைசிக் குடத்திலிருந்து பாத்திரம் நிறைய ஊற்றி அடுப்பில் வைத்துப் பற்றவைத்தாள்.

"யாருக்கும்மா?" என்றான் மச்சான். அவள் தீயைப் பெரிதாக்கினாள். அவன் குடத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனான்.

ஒரு மணி நேரம் கழித்து வாசலில் வண்டி வந்து நின்றது. தூக்குவதற்கு நாலு பேர் உள்ளே வந்தார்கள். மாமியார் மறுபடி அழ ஆரம்பித்தாள். மகளைக் கூப்பிட அவன்தான் போக வேண்டியிருந்தது.

தண்ணீர் தளதளவென்று கொதித்து எவ்வளவோ நேரமாகியிருந்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி. அடுப்பை அணைக்கக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

"இன்னும் கொஞ்சம்ப்பா," என்றாள்.

பாத்திரத்தின் அடியில் இரண்டு விரல் ஆழத்துக்குத்தான் தண்ணீர் இருந்தது.