விலக்கு

இருட்டில் வெளுத்து நிற்கிறது பயிர், வெயில் படாத மஞ்சள், தொட்டால் முறிந்துவிடும் தண்டு, உள்ளறை மூலையில் ஒரு நீல பெயின்ட் வாளி, வீட்டுக்கு அடித்த மிச்சம், ஊரிலேயே நீல வீடு எங்களுடையது மட்டும்தான், அந்த வாளியில் சாணமும் வைக்கோலும் போட்டு அம்மா நவதானியம் முளைக்க வைத்திருக்கிறாள், யாருக்கும்மா இந்த முளைப்பாரி என்று கேட்கிறேன், ஆத்தாளுக்குத்தான், வேற ஆருக்கு என்கிறாள், ஊரே நம்மைத் தள்ளிவைத்திருக்கிறது, குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு எடுக்கிற தலைக்கட்டு வரியைக்கூட நம் வீட்டில் வாங்கவில்லை, இதைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் நடப்பாய், என்ன பிடிவாதம் இது, எனக்கு எரிச்சலாக வருகிறது, அழுகையும் கூடவே வருகிறது.

நான் இன்பராஜைக் கட்டிக்கொண்டேன், வேறு சாதி, வேறு சாமி, மதுரையில் இருக்கிற என்னை ஊர் என்ன செய்துவிட முடியும், அப்பா போனபிறகு தனியாக இருக்கும் அம்மாவைச் செய்தது, அவளோடு யார் பேசினாலும் அபராதம், பக்கத்து வீட்டு வெள்ளத்தாயி அத்தை, சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணம் கைமாறாத நாளே கிடையாது, அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், மதுரைக்கு வந்துரும்மா என்றால், அங்கன எனக்கு ஆரு இருக்கா என்பாள், இங்கனயும் ஒருத்தரும் பேசலையே, பேசாட்டி என்னடி, இருக்காகள்ல என்பாள், அவ்வளவுதான்.

எனக்குப் பிழைப்பே கல்லூரியில் மதத்தின் சமூகவியல் நடத்துவது, கரும்பலகையில் எழுதுகிறேன், கனவிலும் எழுதிக்கொண்டே இருக்கிறேன், பாடத்தில் வருகிற மூன்று அறிஞர்கள், தாடிக்காரர் மதத்தை அபின் என்றார், வலி நிஜம் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார், ஜெர்மன்காரர் உலகத்திலிருந்து மாயமெல்லாம் வடிந்துகொண்டிருக்கிறது என்றார், எங்கள் பக்கம் ஒரு பங்குனிக்கு வந்திருந்தால் அவசரப்பட்டிருக்க மாட்டார், என்னை வாரிக்கொண்டு போனவர் பிரெஞ்சுக்காரர்தான், விலக்கி வைக்கப்பட்டதே புனிதம், கூடி நிற்கிற ஊர் தன்னையே கும்பிட்டுக்கொள்வதுதான் சாமி, என்று நான் முழங்க, மூன்றாவது பெஞ்சு செண்பகவல்லி எழுந்து, விலக்கி வச்சதெல்லாம் புனிதம்னா மாசாமாசம் நாங்க வீட்டுக்கு விலக்கா உக்காருறமே, அதும் புனிதமா மேடம் என்றாள், வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன், தீட்டும் விலக்கி வைப்பதுதான், அதையும் அவர் யோசித்திருக்கிறார் என்று சமாளித்தேன், ஆனால் அந்தச் சொல் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுகொண்டது, விலக்கு, ஊர்விலக்கு, அப்புறம் கனவில் அந்த பெஞ்சுகளில் எல்லாம் எங்கள் தெருப் பெண்கள், அம்மா உட்கார இடமில்லாமல் வாசலில் நிற்கிறாள்.

அதையெல்லாம் மூட்டைகட்டிக்கொண்டுதான் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தேன், சும்மா இருந்திருக்கலாம், பயிருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவளிடம் போய், சாமின்னு தனியா ஒண்ணும் இல்லம்மா, இந்த ஊருதான் சாமி, இதுகளுக்காகவா ஏங்குற என்றேன், ஆறுதலாகத்தான் சொன்னேன், அம்மாவின் கை அப்படியே நின்றது, அப்ப ஆத்தாளும் என்னைய விலக்கிட்டாளாடி என்று கேட்டாள், பாவி, என்ன காரியம் செய்தேன், கட்டையில் போன பிரெஞ்சுக்காரர், செத்து நூறு வருஷமாகியும் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார், அவள் திரும்பவும் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தாள்.

பாரி எடுக்கிற நாள், தெருக்கோடியில் கொட்டுச் சத்தம், அம்மா குளித்துவிட்டு ஈரச் சேலையோடு வாளியைத் தலையில் வைத்து முற்றத்தில் தனியே சுற்றுகிறாள், குலவை போடுகிறாள், ஒருத்தி மட்டும் போட்டால் குலவையும் ஒப்பாரியாகத்தான் கேட்கிறது, நானும் நாக்கைச் சுழற்றிப் பார்க்கிறேன், வெறும் காற்றுதான் வருகிறது, இவளை இழுத்துக்கொண்டு எங்காவது ஓடிவிடலாமா என்று கால் பரபரக்கிறது, அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு குலவை, பழகிய குரல், அம்மா நின்றுவிட்டாள், சுவருக்கு மேலே வளையல் போட்ட இரண்டு கைகள் நீண்டன, தா என்றுகூடச் சொல்லவில்லை, பேசினால்தானே அபராதம், அம்மா வாளியைக் கொடுத்தாள்.

வாசலுக்கு ஓடினோம், வரிசை வருகிறது, மண்சட்டிகளுக்கு நடுவே வெள்ளத்தாயி அத்தையின் தலையில் நீல வாளி, அவள் வீட்டுப் பாரியை மருமகள் சுமக்கிறாள், யார் வீட்டு நீலம் என்று ஊருக்கே தெரியும், கோயில் தலைவர் பார்த்தார், பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார், கொட்டு நிற்கவில்லை, ஆத்தா வந்துட்டாடி, வந்துட்டா என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், யாரைச் சொல்கிறாய், அம்மனையா அத்தையையா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை, இருட்டில் வளர்ந்த அந்த வெளுத்த பயிர் வெயிலில் ஆடி ஆடிக் கண்மாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.