சோதனைப் படங்கள்

பீரங்கி என்று அவருக்குப் பேர் வைத்தது தெருப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக, கை நீளத்துக்கு ஒரு டெலிபோட்டோ லென்சைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏரிப் பக்கம் கிளம்புகிற மனுஷருக்கு வேறு என்ன பேர்தான் வாயில் வரும்? மற்ற ஆறு நாளும் நகராட்சி அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக் குழாய்க்கும் கோடு போடுகிற உத்தியோகம். அந்தப் பேரைக் கேட்டு முதலில் முறைத்தார். பிறகு ரசித்தார். கடைசியில் ஏரிக்கரை நண்பர்களுக்கு போன் பண்ணும்போது தானாகவே "பீரங்கி பேசறேன்" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

டெலிபோட்டோ லென்ஸ் வாங்குவதென்றால் அந்த வட்டாரத்தில் அவரைக் கேட்காமல் யாரும் ஒரு அடி எடுத்து வைப்பதில்லை. மாதத்தில் ஒரு நாள் நூலகத்து மாடியறையில் புகைப்படக்காரர்கள் கூடுவார்கள். புதிதாக வருகிறவர் எவராக இருந்தாலும் முதலில் கேட்பது, "சார், எந்த லென்ஸ் நல்ல லென்ஸ்?" அந்தக் கேள்விதான் அவருக்கு ஆகாது. எதை எடுக்கப் போகிறீர்கள், எவ்வளவு தூரத்தில் நின்று எடுக்கப் போகிறீர்கள், அதைச் சொல்லுங்கள் முதலில் என்று பிடித்துக்கொள்வார். மனுஷரைச் சகித்துக்கொள்கிற பிராணி என்றால் முந்நூறு மில்லிமீட்டர் போதும். ஆளைக் கண்டதும் பறந்துவிடுகிற ஜாதி என்றால் நானூறு. நீங்கள் இருப்பதே அதற்குத் தெரியக்கூடாது என்றால் அறுநூறு. நீளம் கூடக் கூட உங்கள் கை நடுக்கமும் கூடவே பெரிசாகும், அதற்குத் தோதாக ஷட்டரின் வேகத்தைக் கூட்டுங்கள், முக்காலி இல்லாமல் வீரம் காட்டாதீர்கள் என்றெல்லாம் அடித்துச் சொல்வார்.

கடைசியாக ஒன்று சொல்வார், அதற்குக் கூட்டம் எப்போதும் சிரிக்கும். பெரிய லென்சுக்குப் பக்கத்தில் இருப்பது தெரியாது. அறுநூறு என்றால் பதினைந்து அடியாவது தள்ளி நிற்க வேண்டும், அதற்குள் வந்தால் எல்லாம் வெறும் புகைதான். "உங்க வீட்டுக் கூடம் எத்தனை அடி?" என்று கேட்டுவிட்டுத் தானும் சேர்ந்து சிரிப்பார். அவர் வீட்டுக் கூடம் பதினோரு அடி. கேமராவோடு வந்த சின்ன லென்சை முந்நூறு வாங்கும்போதே கடையில் மாற்றுக்குக் கொடுத்துவிட்டார். மிச்சமிருந்த இன்னொரு குட்டை லென்சும் நானூறு வந்தபோது போனது. அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் எதையும் படம் எடுக்க அவரிடம் லென்ஸ் இல்லை. இல்லையே என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை.

அவர் மனைவி இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

சீருடை தைக்கும் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். அங்கிருந்து மேற்பார்வைக்கார அம்மாள் காலையில் வந்திருந்தாள். மறுநாள் பத்து மணிக்கு அவளுக்கு அஞ்சலியாக எல்லோரும் கூடி நிற்கப் போவதாகவும், அவள் உட்கார்ந்த மெஷின் மேல் வைக்க ஒரு படம் வேண்டும் என்றும் சொன்னாள். ஒரே ஒரு படம். சாயங்காலம் ஐந்துக்குள் கொடுத்தால் கண்ணாடிக் கடைக்காரர் சட்டம் போட்டுத் தந்துவிடுவார். அந்த அம்மாள் கிளம்பும்போது, "உங்க வீட்டுல படத்துக்கா பஞ்சம்" என்று ஆறுதலாகத்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வந்திருந்தாள். கொழுந்தியாளும் இருந்தாள். மூன்று பேரும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். கல்யாண ஆல்பம் கிடைத்தது. குழாய் வெடித்த வருஷம் அலமாரிக்குள் தண்ணீர் புகுந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, பிரித்தால் முகம் எதிர்ப் பக்கத்தோடு போனது. பீரங்கியின் போனும் அவள் போனும் பேச மட்டும்தான், கேமரா கிடையாது. மகளின் போனில் தேடினார்கள். வந்தபோதெல்லாம் அம்மாதான் போனைப் பிடுங்கி மகளை எடுத்திருக்கிறாள். தான் வந்த ஒன்றிரண்டிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மிஞ்சியது தையல் கூடத்து அடையாள அட்டை. அதில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு முகம், பாதி தேய்ந்து கிடந்தது.

கொழுந்தியாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு அவள் கத்தவில்லை, அதுதான் கொடுமை. கூடத்துச் சுவரை ஒரு சுற்று பார்த்தாள். நாரை, மீன்கொத்தி, பருந்து, நீர்க்காகம், எல்லாம் சட்டம் போட்டுத் தொங்கின.

"ஊர்ல இருக்கிற காக்கா குருவிக்கெல்லாம் படம் இருக்கு அத்தான். எங்க அக்காவுக்கு ஒண்ணு இல்லையா?"

"இருக்கு. எடுத்து வச்சிருக்கேன். தேடித் தரேன்" என்றார் பீரங்கி.

பொய் இல்லை. அவள் படங்கள் இருந்தன. கம்ப்யூட்டரில், பறவை, பூச்சி, ஏரி என்று அவர் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த கோப்புகளுக்கெல்லாம் அடியில், 'சோதனை' என்ற பேரில்.

புது லென்ஸ் வந்தால் அது கூர்மையாகப் பிடிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். மற்றவர்கள் செங்கல் சுவரை எடுப்பார்கள், செய்தித்தாளை ஒட்டி வைத்து எடுப்பார்கள். பீரங்கிக்கு அதைவிடத் தோதான ஒன்று இருந்தது. அவர் வீட்டு மாடி பால்கனியிலிருந்து பார்த்தால் சாலைக்கு எதிர்ப்புறம் பஸ் நிறுத்தம். தூரம் தொண்ணூறு அடி. அவரே நாடா வைத்து அளந்திருக்கிறார். காலை எட்டு பத்துக்கு அவர் மனைவி அங்கே போய் நிற்பாள். பஸ் என்றைக்கும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை என்பதால் இருபது நிமிஷமாவது நிற்பாள். படத்தின் நடுவில் அவள் கண்ணிமை முடி, அதற்குக் கீழே துணிப்பையின் நெசவு, இடது மூலையில் நிறுத்தத்துப் பலகையின் எழுத்து. ஒரு லென்சின் குணத்தைச் சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கூட்டத்திலேயே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். மணி மூன்று. முதலில் முந்நூறு. ஒன்பது வருஷத்துக்கு முந்தியது. அதில் அவள் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல விறைத்துக்கொண்டு நின்றாள். ஏன் இப்படி நிற்கிறாள் என்று யோசித்தவருக்கு நினைவு வந்தது.

அதற்கு முதல் நாள் அவள் அப்படி நிற்கவில்லை. பால்கனியில் அவரைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் முகம் மலர்ந்து, சாலையில் ஆள் இருக்கிறதையும் பார்க்காமல், தலைக்கு மேலே கையைத் தூக்கி ஆட்டிச் சிரித்தாள். அவர் எடுத்தார். எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்து, கை மசங்கியிருக்கிறது, தலையும் ஆடியிருக்கிறது என்று அத்தனையையும் அழித்தார். சாயங்காலம் வீடு திரும்பியவளிடம், ஆடினால் அது லென்சின் குற்றமா உன் குற்றமா என்று எப்படித் தெரியும், நாளைக்கு ஆடாமல் நில் என்றார். அவளும் மறுநாள் ஆடாமல் நின்றாள். அதற்கப்புறம் அவள் பால்கனியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அழித்ததை மீட்க வழி இருக்கிறதா என்று ஒரு கணம் யோசித்தார். ஒன்பது வருஷம். அந்த கம்ப்யூட்டரே இப்போது இல்லை.

அடுத்தது நானூறு. அதில் அவள் நின்றுகொண்டே தூங்கினாள். செருப்பிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்து மற்றக் காலின் மேல் வைத்திருந்தாள். நாள் முழுக்க மெஷினை மிதிக்கிற கால். ஒவ்வொரு சோதனைக்கும் அவர் ஒரு நோட்டில் குறிப்பு எழுதுவார். புரட்டினார். 'கண் மூடியிருப்பதால் இமை முடி நன்றாகத் தெரிகிறது. வசதி' என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

வசதி என்ற சொல்லைத் தன் கையே எழுதியிருக்கிறது என்பதை நம்ப அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. ஆனாலும் ஐந்து மணிக்குள் ஒரு முகம் வேண்டும். அறுநூறைத் திறந்தார்.

பதினோரு படங்கள், ஆறு நிமிஷத்துக்குள் எடுத்தவை. முதலாவதில் அவள் சும்மா நின்றாள். மூன்றாவதில் வலது கை விலாவுக்குக் கீழே போயிருந்தது. ஐந்தாவதில் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள், நெற்றியில் வேர்வை. ஒவ்வொரு துளியும் தெரிந்தது, லென்ஸ் அப்படி. ஏழாவதில் பை தரையில் கிடந்தது. ஒன்பதாவதில் அவள் பலகைக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வயிற்றை அமுக்கியபடி குனிந்திருந்தாள். கண் இறுக மூடியிருந்தது. கடைசிப் படத்தின் ஓரத்தில் பஸ்ஸின் சிவப்பு கொஞ்சம் தெரிந்தது. அவள் நிமிர்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, பஸ்ஸுக்குள் இருப்பவர்களுக்காக ஒரு முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

படத்தோடு தேதியும் இருந்தது. டாக்டரிடம் போனதற்குப் பதினான்கு மாதம் முன்னால்.

டாக்டர் எத்தனை நாளாக வலி என்று கேட்டபோது, "ஒரு மாசமா இருக்கும்" என்றாள் அவள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பீரங்கியும் ஆமாம் என்று தலையாட்டினார். அந்த வயிற்றுக் கட்டி ஒரு மாதத்தில் வருகிற கட்டி இல்லை, ஒரு வருஷம் முன்னால் என்னிடம் வந்திருந்தால்கூட ஏதாவது செய்திருப்பேன் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து அவளைக் கோபித்துக்கொண்டார் பீரங்கி. வாயைத் திறந்து சொன்னால்தானே ஒருத்தனுக்குத் தெரியும் என்றார்.

நோட்டில் அறுநூறின் பக்கத்தைத் திறக்க அவருக்குத் துணிவு இல்லை. திறக்கத் தேவையும் இல்லை, மனப்பாடமாகத் தெரியும். 'அபெர்ச்சர் துவாரம் எட்டில் கூர்மை அபாரம். மூலையும் குறைசொல்ல முடியாது. இனி வேறு லென்ஸ் வேண்டாம்.'

அதோடு முடிந்ததா? ஒன்பதாவது படத்தை அவர் நூலகத்து மாடிக்குக் கொண்டுபோய்ச் சுவரளவு பெரிதாக்கிக் காட்டியிருக்கிறார். இருபது பேர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அன்றைக்குத்தான் புதிதாக வந்திருந்த ஒரு நர்ஸ், பின்வரிசையிலிருந்து தயங்கித் தயங்கி, "சார், இவங்களுக்கு ரொம்ப வலிக்குதுபோல இருக்கே" என்றாள்.

"முகத்தைப் பாக்காதீங்கம்மா. இமை முடியைப் பாருங்க" என்றார் பீரங்கி. எல்லோரும் சிரித்தார்கள். அந்த நர்ஸ் அதற்குப் பிறகு வரவே இல்லை.

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழ வேண்டும் போல இருந்தது, வரவில்லை. கதவு திறந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. மகள் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகத் தட்டி முதல் படம் வரை போனாள். மறுபடி ஒன்பதாவதுக்கு வந்தாள்.

"இது எப்ப எடுத்ததுப்பா?"

அவர் தேதியைக் கைகாட்டினார். அவள் மனசுக்குள் மாதங்களை எண்ணுவது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"பாக்கலம்மா."

"எடுத்திருக்கீங்களே."

"எடுத்தேன். பாக்கல."

அவள் திட்டியிருக்கலாம். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார், திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். அவள் மேஜை மேல் கிடந்த அடையாள அட்டையை எடுத்துப் புறங்கையால் தூசியைத் துடைத்தாள்.

"முதல் படத்துல முகத்தை மட்டும் வெட்டித் தரேன்" என்றார் அவசரமாக. "நல்லா தெளிவா இருக்கும்."

"வேண்டாம்பா. இது மங்கலாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணாடிக் கடைக்குக் கிளம்பினாள். வாசலில், கிடைத்ததா என்று கொழுந்தியாள் கேட்பதும், இல்லை என்று மகள் சொல்வதும் அவர் காதில் விழுந்தது. வேறு எதையும் அவள் சித்தியிடம் சொல்லவில்லை. அதுகூட அவருக்கு அடி விழுந்த மாதிரித்தான் இருந்தது.

மறுநாள் காலை மகளும் கொழுந்தியாளும் சட்டம் போட்ட படத்தோடு முன்னாலேயே போய்விட்டார்கள். நீங்கள் பத்து மணிக்கு வந்தால் போதும் என்று மகள் சொல்லியிருந்தாள். எட்டு மணிக்கு அவர் பால்கனிக் கதவைத் திறந்தார். லென்சை எடுக்கவில்லை. அது உள்ளே பெட்டிக்குள் இருந்தது.

எதிரே நிறுத்தத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். எவரையும் அவருக்குத் தெரியாது. ஒரு பெரியவர் மணியைப் பார்த்துப் பார்த்து எரிச்சலானார். ஒரு பெண் பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினாள், ஒரு நிமிஷத்துக்குள் மறுபடி இடதுக்கே மாற்றினாள். அவளுக்கு வலது தோள் வலிக்கிறது. கம்பத்துப் பக்கம் நின்றவள் அழுதுவிட்டு வந்திருக்கிறாள், அல்லது ராத்திரி தூங்கவில்லை.

தொண்ணூறு அடிதான். வெறும் கண்ணுக்கே எல்லாம் தெரிந்தது. பஸ் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போன பிறகும் பீரங்கி கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரும் இல்லாத அந்த நிறுத்தத்தைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தார்.