டூ-வே சுவிட்சில் எனக்குப் புரியாதது

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் வயரிங் வகுப்பு. வகுப்பு முடிந்து வந்ததும் அன்றைய பாடத்தை என் இணையப் பக்கத்தில் எழுதுவேன். எழுத வரவில்லை என்றால் எனக்கு அது புரியவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு பதிவின் அடியிலும் 'இன்னும் புரியாதது' என்று ஒரு பகுதி உண்டு. சில நாள் அது பாடத்தைவிட நீண்டுவிடும்.

படிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருவர் தனக்குக் குண்டூசி என்று பெயர் வைத்திருந்தார். பெயருக்கேற்ற ஆள். எர்த் கம்பி எதற்கு என்று அவர் குடைந்து குடைந்து கேட்ட பிறகுதான் எனக்கே அது விளங்கியது.

அன்று மாடிப்படி விளக்கு. கீழே போட்டு மேலே அணைக்க இரண்டு டூ-வே சுவிட்சுகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று முனைகள். மின்சாரம் வரும் கம்பியை நடுமுனையில்தான் மாட்ட வேண்டும் என்றார் ஆசிரியர். ஓரமுனையில் மாட்டினால் என்ன ஆகும்? அது எனக்குப் பிடிபடவில்லை. அப்படியே எழுதினேன்.

சோபா கடைக்கு விளம்பரம் எழுதும் அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"எந்தக் கடைக்காரனாவது போர்டுல 'எங்க சரக்கு சுமார்தான்'னு எழுதுவானாடி?"

"எனக்குப் புரியலையே அக்கா."

"அதை ஏன் ஊருக்குச் சொல்ற? தள்ளு."

கடைசிப் பகுதியை வெட்டினாள். 'மாடிப்படி விளக்கா? இனி எலக்ட்ரீஷியனே வேண்டாம்!' என்று தலைப்பு வைத்தாள். நான் தடுக்கவில்லை. எது எடுபடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் கடையில் கைபேசி ஓயாமல் அதிர்ந்தது. இதயங்கள், கைதட்டல்கள், 'சூப்பர்'கள். யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. குண்டூசியைக் காணோம்.

வார இறுதியில் அவரிடமிருந்து தனிச்செய்தி வந்தது. "உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு போல. எனக்கு அந்த நடுமுனை விஷயம் இன்னும் புரியலைங்க. அத்தனை பேர் சூப்பர்னு சொல்ற இடத்துல நான் மட்டும் கேக்க வெக்கமா இருக்கு. இனிமே சும்மா படிச்சுட்டுப் போயிடறேன்."

எனக்குத் தெரிந்து என்னைக் கேள்வி கேட்கும் ஒரே ஆள் அவர்தான்.

வெட்டிய பகுதியை மறுபடி சேர்த்தேன். தலைப்பை எடுத்துவிட்டு 'டூ-வே சுவிட்ச், பாதி புரிந்தது' என்று போட்டேன். உடனே ஒருவர், "தெரியாமத்தான் பாடம் எடுத்தியாம்மா?" என்றார். இன்னொருவர் வாய்பொத்திச் சிரிக்கும் பொம்மையை வரிசையாக வைத்தார். அக்கா, "வந்த கூட்டத்தை நீயே விரட்டுற. எக்கேடோ கெட்டுப் போ" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் சொல்வது சரியோ என்று எனக்கும் தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் பதிவின் கீழேயே குண்டூசி எழுதினார்: "சரி, ஓரமுனைல மாட்டினதா வெச்சுக்குவோம். கீழ் சுவிட்சை அணைச்சா மின்சாரம் எங்க போகும்?"

படம் வரைந்து பார்த்தேன். எங்கும் போகாது. வந்த முனையிலேயே நின்றுவிடும். "கீழே அணைச்சுட்டா, மேலே எத்தனை தடவை தட்டினாலும் எரியாது" என்று எழுதினேன்.

குண்டூசியிடமிருந்து பதில் வந்தது.

"அடக் கடவுளே! எங்க வீட்டு மாடிப்படி விளக்கு இப்படித்தான் பண்ணுது. பல்பு சரியில்லைன்னு எங்க வீட்டுக்காரர் பல்பா மாத்திட்டிருக்கார். இருட்டுல மாமியார் ஒரு தரம் உருண்டே விழுந்தாங்க. நானே கழட்டி மாத்திடவா?"

"வேண்டாங்க. நான் இன்னும் தேர்வே எழுதலை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நடுமுனையைப் பாக்கச் சொல்லுங்க."

"எலக்ட்ரீஷியன் பாத்துட்டு அதெல்லாம் இல்லைன்னு சொல்லிட்டா?"

"ஏன் இல்லைங்கிறார்னு கேட்டு இங்க எழுதுங்க. நான் சொன்னது தப்பாவும் இருக்கலாம்."