பின்சீட்டில் உட்கார்ந்து வாங்கிய வண்டி

அறிவரசன் மறுபடியும் வண்டி வாங்கலாம் என்று மலர்க்கொடி சம்மதித்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். ஷோரூமுக்கு அவளும் வருவாள். அவன் ஓட்டிப் பார்க்கட்டும். அவள் பின்னால் உட்கார்ந்து பார்ப்பாள். அவளுக்குப் பிடித்தால்தான் வண்டி வூட்டுக்கு வரும்.

"பின்னாடி உக்காந்து என்னத்தப் பாப்ப?" என்று கேட்டான்.

"பாத்துட்டுச் சொல்றேன்."

போன ஆடியில் அரியலூருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் லாரி ஒன்றை முந்தப் போய், ஓரச் சரளையில் சறுக்கி விழுந்தவன் அவன். தோள்பட்டை எலும்பு முறிந்தது. வண்டியைப் பழைய இரும்புக்காரர்தான் வந்து எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து மாசி வரைக்கும் டவுன் பஸ்தான்.

வேகம் அவனுக்குப் பிழைப்போடு வந்தது. மருந்து கம்பெனி ரெப்பாக அத்தனை வருஷம் ஓடியவன். காலையில் பெரம்பலூரில் ஒரு டாக்டர், மதியம் அரியலூர், சாயங்காலம் ஜெயங்கொண்டம். டாக்டர் கிளம்புவதற்குள் போய் நிற்க வேண்டும். வண்டி மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் முந்தினதைவிட வேகம். இப்போது அவன் ரெப் இல்லை. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு மருந்துக் கடை. இனி அவன் போய்ச் சேர்வதற்குள் எந்தக் கதவும் மூடிவிடப் போவதில்லை. ஆனாலும் வண்டி என்றால் அவன் கண் வேகமான வண்டிமேல்தான் போனது.

மலர்க்கொடி கோர்ட் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். சொந்த ஊர் செந்துறை. அவளுடைய அப்பா கருப்பண்ணன் ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர். மகள் அபிநயா கோயம்புத்தூரில் கடைசி வருஷம் படிக்கிறாள். அப்பா இறந்ததிலிருந்து மலர்க்கொடி கணவனின் வண்டியில் ஏறுவதே இல்லை. எங்கே போவதானாலும், "நீங்க முன்னாடி போங்க, நான் பஸ்ல வந்துடறேன்" என்பாள். இடுப்புவலி என்று அவளும் சொன்னாள், அவனும் அப்படித்தான் நம்பினான்.

ஷோரூம் பெரம்பலூரில், துறையூர் சாலையில் இருந்தது. சத்யா என்ற பெண்தான் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு வண்டியாகக் காட்டினாள்.

"இது இப்ப எல்லாரும் கேக்குற மாடல் சார். பிக்கப் சும்மா பிச்சிக்கிட்டுப் போவும்."

அறிவரசனுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஹேண்டில் தாழ்ந்திருந்தது. ஓட்டுகிறவன் டேங்கின் மேல் கவிழ்ந்துதான் பிடிக்க வேண்டும். பின்சீட்டு தனியாக, உயரத்தில், ஒரு முழ அகலம்கூட இல்லாமல் இருந்தது. மலர்க்கொடி புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவன் முதுகு அவளுக்குக் கீழே குனிந்து கிடந்தது.

ஊர் தாண்டியதும் அவன் முறுக்கினான். காற்று இரைந்தது. 'திரும்பும்போது வெங்காயம் வாங்கணும்' என்று ஏதாவது சொல்லிப் பார்க்கலாம், காதில் விழுகிறதா பார்ப்போம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் அந்தக் குனிந்த முதுகையும் அந்த இரைச்சலையும் பார்த்ததும் வாயில் வந்தது வேறு.

"செந்துறையில நிறுத்துங்க. அப்பாவ ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடுவோம்."

முன்னால் ஹெல்மெட் இரண்டு தரம் ஆடியது. சரி என்று தலையாட்டுவதுபோலவே இருந்தது. வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

ஷோரூம் வாசலில் இறங்கியதும் கேட்டாள். "நான் சொன்னது கேட்டுச்சா?"

"ஏதாச்சும் சொன்னியா?"

"தலையாட்டுனீங்களே."

"நான் எங்க ஆட்டுனேன்? அந்த வேகத்துல காத்துக்கு ஹெல்மெட் தானா ஆடும். எப்பவும் ஆடுறதுதான்."

மலர்க்கொடி பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சத்யாவிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். மயக்கமா என்று அந்தப் பெண் பதறினாள். இல்லை என்று கையை மட்டும் ஆட்டினாள்.

அந்த வார்த்தைகளை அவள் இதற்கு முன்னாலும் ஒரு தடவை சொல்லியிருந்தாள். உடையார்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, லாரித் தொல்லை இருக்காது என்று செந்துறை வழியாகத் திரும்பிய அன்றைக்கு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று கல்யாணத்தில் யாரோ சொன்னார்கள். ஊர் எல்லை வந்ததும் அவன் காதருகே இதே மாதிரி சொன்னாள். ஹெல்மெட் இதே மாதிரி ஆடியது. வண்டி அப்பா வூட்டுத் தெருவைத் தாண்டி நேராகப் போய்விட்டது. அரியலூரில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று காலையிலிருந்தே அவன் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டும் நிறுத்தாமல் போகிறான் என்று அவள் நினைத்தாள். இன்னொரு தடவை கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அந்த வாரமே அப்பா போய்ச் சேர்ந்தார். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

இப்போது தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வரும் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டாவது வண்டி மலைப்பாதைக்கான உசரமான வண்டி. ஏறுவதற்கு சத்யா ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். "நான் என்ன இமயமலைக்கா போறேன்?" என்று சொல்லி மலர்க்கொடி ஏறவே இல்லை.

மூலையில் ஒரு வண்டி நின்றது. உருண்டையான ஹெட்லைட், அகலமான ஹேண்டில், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நீளச் சீட்டு. தாழ்வாகவும் இருந்தது. "அது என்ன?" என்று மலர்க்கொடி கேட்டாள்.

"அது பழைய ஸ்டைல்ல வர்றது அக்கா. பெரியவங்கதான்..." என்று ஆரம்பித்த சத்யா அறிவரசனைப் பார்த்துவிட்டு மாற்றிக்கொண்டாள். "நிதானமா ஓட்றவங்கதான் எடுப்பாங்க. சாருக்கு ஸ்பீடு பத்தாது."

"ஓட்டித்தான் பாக்கலாமே" என்றாள் மலர்க்கொடி.

அறிவரசன் அரைமனதோடுதான் ஏறினான். உட்கார்ந்தால் முதுகு நிமிர்ந்துகொண்டது. நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி. ஊர் தாண்டியதும் பழக்கதோஷத்தில் முறுக்கினான். நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவனை எழுபதில் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. கொஞ்சம் விட்டுக்கொடுத்தான். ஐம்பதுக்கு வந்ததும் வண்டி அமைதியானது. நாற்பதுக்கு வந்தது. கியரைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தான். வேண்டியிருக்கவில்லை. டாப் கியரிலேயே திணறாமல், எஞ்சினின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்க, டப் டப்பென்று இழுத்துக்கொண்டு போனது. அவனுடைய பழைய வண்டிகள் நாற்பதில் முனகும். இன்னும் போ, இன்னும் போ என்று கையை நச்சரிக்கும். இதற்கு அந்த அவசரம் இல்லை. அந்த வேகத்திலேயே ஓட்டிக்கொண்டிருக்கலாம் போல இருந்தது.

சாலையோரத்தில் வெங்காயத்தைக் குவித்து ஓலை மூடி வைத்திருந்த பட்டறைகள் கண்ணில் பட்டன. இத்தனை வருஷம் இதே சாலையில் போய்வந்தவன், தார் ரோட்டைத் தவிர வேறொன்றையும் பார்த்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

"வெங்காயம் இன்னும் ஈரமாத்தான் இருக்கும். இப்ப வாங்க வேணாம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பட்டறையில போட்டதுக்கு என்ன ஈரம்?" என்றான் திரும்பிப் பார்க்காமலே.

"போன தடவ நீங்க வாங்கியாந்தது பாதி அழுவிப்போச்சு."

"அது கடைக்காரன் பண்ண வேல."

சொல்லிவிட்டுத்தான் உறைத்தது, வண்டி ஓட்டிக்கொண்டே அவளோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்று. கல்யாணமான புதிதில் அவர்களிடம் இருந்தது ஒரு டிவிஎஸ் பிப்டி. முதல் சம்பளத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. மேடு வந்தால் அவள் இறங்கி நடப்பாள். அவன் ஏறி நின்று காத்திருப்பான். சைக்கிள்காரர்கள் கூடவே வந்து ஊர்க்கதை கேட்டுவிட்டுப் போவார்கள். அபிநயாவுக்கு என்ன பேர் வைப்பது என்று செந்துறையில் ஆரம்பித்த சண்டை அரியலூர் வந்துதான் முடிந்தது. அவள் டைப்பிங் பரீட்சை எழுதுவது, அவன் சிமெண்ட் மூட்டைக் கணக்குப் பார்க்கும் வேலையை விட்டுவிட்டு ரெப்பாகப் போவது, எல்லாம் அந்த வண்டியில்தான் முடிவானது. மாமனார் கருப்பண்ணன் அதன் சத்தம் கேட்டாலே தெருமுனைக்கு வந்து நிற்பார். "என்னா மாப்ள, நடந்து வந்திருந்தா இன்னும் வெரசா வந்திருக்கலாமுல்ல" என்று சிரிப்பார்.

திரும்ப வேண்டிய இடம் வந்தது. அவன் வேகத்தைக் குறைத்தான்.

"நேரா போங்க" என்றாள் மலர்க்கொடி.

வெகுநேரம் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது சத்யா ஷோரூம் வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "பயந்தே போயிட்டேன் சார்" என்றாள்.

"இதையே எடுத்துக்குறோம்மா" என்றான் அறிவரசன். மலர்க்கொடி சீட்டிலிருந்து இறங்காமலே உட்கார்ந்திருந்தாள்.

வண்டி வூட்டுக்கு வந்த பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்கே போகலாம் என்று கேட்டான். "செந்துறைக்கு" என்றாள். அங்கே இப்போது அவள் தம்பி அங்கமுத்து குடும்பத்தோடு இருக்கிறான்.

அரியலூரைத் தாண்டும் வரைக்கும் லாரிகள் முந்திக்கொண்டு போயின. மரமெல்லாம் சுண்ணாம்புத் தூசியில் வெளுத்திருந்தது. அதற்கப்புறம் சாலை காலியானது. முந்திரி பூத்திருந்தது, அந்த வாசனை வண்டியோடு கூடவே வந்தது. மலர்க்கொடி கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு அவன் தோளில் கை வைத்தாள்.

"ஒண்ணு சொல்லணும். வண்டிய நிறுத்த வேணாம். ஓட்டிக்கிட்டே கேளுங்க."

"சொல்லு."

அவள் அந்தக் கல்யாண நாளைப் பற்றிச் சொன்னாள். ஊர் எல்லையில் அவள் சொன்னது, ஹெல்மெட் ஆடியது, அப்பா வூட்டுத் தெரு பின்னால் போனது. கேட்டும் நிறுத்தவில்லை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தது. குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. ஒரு வார்த்தையைக்கூட அவன் திருப்பிக் கேட்கவில்லை.

"எனக்கு அது நெஞ்சுல கல்லு மாதிரி கெடந்துச்சு. அன்னிக்கு ஷோரூம்ல அதையே சொல்லிப் பாத்தேன். அதே மாதிரி ஹெல்மெட் ஆடிச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது."

நிறுத்த வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தும் அவனால் ஓட்ட முடியவில்லை. ஒரு முந்திரி மரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினான். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"காதுல வுழல மலரு. வுழுந்திருந்தா நிறுத்தாம போயிருப்பேனா?"

"தெரியும்."

"அன்னிக்கு நான் பாக்கப்போன டாக்டரு ஊர்லயே இல்ல. சும்மா போயி நின்னுட்டு வந்தேன். அவரு பேருகூட இப்ப ஞாபகத்துல இல்ல." கையிலிருந்த ஹெல்மெட்டை டேங்கின் மேல் வைத்தான். "நீ ஏன் தோள்ல தட்டல?"

"தட்டியிருக்கணும். கோவம். நீங்க கேட்டுட்டுத்தான் போறீங்கன்னு."

"இத்தன வருஷமா இடுப்புவலின்ன."

"கொஞ்சம் இடுப்புவலியும் இருந்துச்சு" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. அவன் பாக்கெட்டில் கைக்குட்டை இல்லை. அவள் முந்தானையிலேயே துடைத்துக்கொண்டாள். ஒரு பஸ் அவர்களைத் தாண்டிப் போனது. ஜன்னலோரத்தில் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். அது தூரமாகப் போனதும் அவன் வண்டியைக் கிளப்பினான்.

செந்துறையில் அங்கமுத்துவின் மனைவி பூமாலை கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடும் முன்பு அறிவரசன் உள்ளே போய் மாமனார் படத்துக்கு எதிரில் வெகுநேரம் நின்றான். சாப்பிட்டு எழுந்ததும், அவர் வேலை பார்த்த தண்டவாளத்துப் பக்கம் போய்வரலாம் என்று அங்கமுத்துவையும் மலர்க்கொடியையும் அவனாகவே கூப்பிட்டான். மூன்று பேரும் நடந்தே போனார்கள். அங்கமுத்து அப்பாவைப் பற்றி அறிவரசனுக்குத் தெரியாத கதைகளையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். மழைநாளில் ஜல்லிக்கடியில் மண் இளகியதைக் கால்பாதத்தாலேயே அப்பா கண்டுபிடிப்பாராம். கேட்டுக்கொண்டே நடந்தான். மலர்க்கொடி அவர்களைவிடக் கொஞ்சம் பின்தங்கியே வந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள்.

"அபிநயாவுக்கு ஓசூர் கம்பெனியில வேல கெடைக்கும் போல. அனுப்பலாமான்னு யோசிக்கிறேன்" என்றாள் மலர்க்கொடி, ஊரைத் தாண்டியதும்.

"யோசிக்க என்ன இருக்கு? அவ்ளோ தூரம் வேணாம். திருச்சியிலயே பாக்கலாம்."

"திருச்சியில அவ படிச்சதுக்கு என்ன வேல இருக்கு?"

"தேடுனா கெடைக்கும்."

"யாரு தேடுறது? நீங்களா?"

"ஏன், நான் தேட மாட்டனா?"

"ஓசூருக்கு ராத்திரி பஸ்ல ஏறுனா காலையில போயிடலாம். வாராவாரம் வந்துட்டுப் போறா. என்ன கெட்டுப்போச்சு?"

"வாராவாரம் வர்றதுன்னா அதுக்கு ஓசூர் எதுக்கு?"

அரியலூர் வரும்போது அது இன்னும் முடிந்திருக்கவில்லை. விளக்கு போட்டுவிட்டார்கள். வூட்டுக்குத் திரும்பும் தெரு வந்தது.

"நேரா போங்க" என்றாள் மலர்க்கொடி. "நான் இன்னும் பேசி முடிக்கல."

அவன் இண்டிகேட்டரை அணைத்துவிட்டு, அதே வேகத்தில் நேராகப் போனான்.