டிராக்டருக்கும் ஒரு குலவை

நன்னிலம் பக்கம் சம்பா நடவுக்கு வந்து இறங்கியபோது நிமாயிடம் இருந்த தமிழ் மொத்தமும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும். தண்ணி, சோறு, சீக்கிரம், போதும். வங்காளத்துக் கிராமத்தில் பேசிப் பேசியே காக்காய்களை ஊரைவிட்டு விரட்டியவன், இங்கே ஊமை. வாய் செய்த வேலையையும் கண்ணே பார்க்க வேண்டியதாயிற்று. சொம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிறார்களே, எப்படிப் புரையேறவில்லை? ராத்திரி தனியாக ஒத்திகை பார்த்தான். பாதி காவிரி மூக்கு வழியாக வந்தது.

வயல் ராமாயியுடையது. ஒரு காலத்தில் அதே வயலில் கூலிக்கு நட்டவள், இப்போது சொந்தக்காரி. முதல் நாற்றை நட நிமாயை அழைத்தாள். சனி மூலையில் மஞ்சள், குங்குமம், தேங்காய், சூடம். மகள் செம்மொழி நாற்றுமுடியை அவன் கையில் கொடுத்தாள். வெயில் கண்ணைக் குத்தியதால், தட்டிலிருந்த இரண்டு வெற்றிலையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். ராமாயி நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள் பாருங்கள், கீழ்வேளூர் வரை கொக்கு பறந்தது!

நிமாய்க்கு உயிர் பறந்தது. அவன் ஊரில் குலவை என்றால் கல்யாணம். மணப்பெண் இரண்டு வெற்றிலையால் முகத்தை மறைத்துக்கொண்டுதான் மாப்பிள்ளை முன் வருவாள்.

கூட வந்த பையன்கள் வேறு, "கல்யாணச் சாப்பாடு எப்போ?" என்று வங்காள மொழியில் கேட்டுச் சிரித்தார்கள். அந்நேரம் பார்த்து வீடியோ அழைப்பு. பூர்ணிமா! அறுவடை முடிந்ததும் அவன் கட்டிக்கொள்ளப் போகிறவள்.

"அங்கே யாருக்குக் கல்யாணம்?" என்றாள் அவள், இன்னும் ஓயாத குலவையைக் கேட்டுவிட்டு.

நாற்றைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தான் நிமாய். போனில் பூர்ணிமாவைக் காட்டினான், நெஞ்சைத் தொட்டான், செம்மொழியைப் பார்த்துக் கும்பிட்டான், இரண்டு வெற்றிலையால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதான்.

"பாம்பு கடிச்சிடுச்சா தம்பி?" என்று ராமாயி பதறினாள்.

ஆபீஸ் தோழியின் கல்யாணத்துக்குக் கல்கத்தா போய் வந்த செம்மொழிக்குத்தான் பொறி தட்டியது.

"அம்மா! இந்தத் தம்பிக்கும் எனக்கும் நீ கல்யாணம் பண்ணி வெச்சிட்டே! அவங்க ஊர்ல கல்யாணத்துக்குத்தான் குலவை!"

"அடி ஆத்தி! கொரியாவுல இருக்கிற மாப்பிள்ளைக்கு யாருடி பதில் சொல்றது?"

"சிரிக்காதம்மா. அந்தப் பொண்ணு மொகத்தைப் பாரு."

ராமாயி போனைப் பிடுங்கினாள். பூர்ணிமா பார்க்கப் பார்க்க, டிராக்டரின் நெற்றியில் பொட்டு வைத்து ஒரு குலவை. பம்புசெட்டுக்கு ஒன்று. சாலையில் போன மினி பஸ்ஸுக்கும் ஒன்று. டிரைவர் பயந்து பிரேக் போட்டார். "எல்லாத்துக்கும்தான் போடுவோம் தாயி! ஒம் புருஷன் ஒனக்குத்தான்!"

பூர்ணிமாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை; எல்லாம் புரிந்தது. சிரித்தாள். பதிலுக்கு அங்கிருந்து ஒரு குலவை வந்தது. அவள் அம்மா சேர்ந்தாள், தெருவே சேர்ந்தது, போன் கொதித்தது.

நிமாய் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கிடந்த நாற்றை எடுத்து நட்டான்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்," என்றாள் பூர்ணிமா. "பொட்டெல்லாம் வைத்திருக்கிறார்களே, அந்த டிராக்டர் பெண்ணா, மாப்பிள்ளையா?"

கேட்க நிமாயிடம் தமிழ் இல்லை. சேற்றுக் காலோடு எழுந்து போய், டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றிக் குனிந்து பார்த்தான்.